மலையைப் பார்த்துக் கலியாணம் கட்டியவர்

குமுதினி மச்சாள் மாசி மாதம் இறந்துபோனார். வயது ஐம்பத்தாறு. தெற்கே, அல்கொய் மலைப்பக்கத்தில், இம்மென்ஸ்டட் என்ற சிறிய ஊரில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்குள்ள முதியோர் இல்லத்தின் படிக்கட்டில் களைப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்ததாம். பக்கத்து நகரத்தில் உடலை எரித்தோம். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது. இந்த நாட்டில் சாம்பலை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். மண்ணிலோ கடலிலோ ஓரிடத்தைச் சொல்லியாக வேண்டும்.

"கடல்தான்," என்றார் அண்ணை. மச்சாளின் கணவர், என் ஒரே அண்ணன், கல்யாணசுந்தரம். "எங்கட ஆக்கள் வேற எங்க கரைக்கிறவை? எங்கட பக்கத்துத் துறைமுகம் குக்ஸ்ஹாஃபனில இருந்து கப்பல் போகுது. பிறகு நான் ஒவ்வொரு நாளும் கரையில போய் நிக்கலாம்."

"அம்மாக்குக் கடலைப் பிடிக்காது அப்பா," என்றாள் மகள் மிதுசா. லைப்சிக்கிலிருந்து வந்திருந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. "முப்பது வருசமாச் சொன்னவ. செத்தாப் பிறகும் அவவை அங்கதான் கொண்டுபோறதோ?"

சாம்பல் இறுதிக்கிரியைக்காரரிடமே இருந்தது. கணவர்தான் முடிவு சொல்லவேண்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள்.

அந்த முடிவு ஏன் அண்ணைக்கு அவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் சொல்ல, மச்சாள் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

மச்சாள் பிறந்து வளர்ந்தது மலைநாட்டில், அப்புத்தளையில். தகப்பனுக்கு அங்கே ரயில் நிலையத்தில் வேலை. காலையில் கதவைத் திறந்தால் முகில் வீட்டுக்குள் வரும் என்பார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தகப்பனைக் கொன்றார்கள். உடலைக்கூடக் கொடுக்கவில்லை. தாயும் மகளும் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அந்தத் தட்டையான மண்ணில் அவருக்குக் கண் நிலைகொள்ளவே இல்லையாம். "எங்க பாத்தாலும் வானம். பார்வையைச் சாய்ச்சு வைக்க ஒரு இடமில்லை," என்று ஒருமுறை சொன்னார்.

கலியாணத் தரகர் கொண்டுவந்தது மூன்று படங்கள். மூன்று பேரும் வெளிநாட்டு மாப்பிள்ளைகள். ஒருவர் காரில் சாய்ந்து நின்றார். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள், யாருடைய கார் என்பது வேறு கதை. இன்னொருவர் சோஃபாவில், பக்கத்தில் பெரிய தொலைக்காட்சி. மூன்றாவது என் அண்ணை. அவருக்குப் பின்னால் பனி மூடிய மலை.

மச்சாள் அந்தப் படத்தை எடுத்தார். அண்ணையின் முகத்தைச் சரியாகப் பார்த்ததாகவே ஞாபகமில்லை என்று பிறகு அவரே சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

அண்ணையால் நாட்டுக்குத் திரும்ப முடியாத காலம் அது. சென்னையில் கலியாணம் நடந்தது. ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் மலையைப் பற்றிக் கேட்க மச்சாளுக்கு வெட்கம். விசா கிடைத்து, வடக்கே கடலோரம் அண்ணை இருந்த பிரேமர்ஹாஃபன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோதுதான் கேட்டார். நானும் பூச்செண்டோடு பக்கத்தில் நின்றேன்.

"மலை எந்தப் பக்கம்?"

"எந்த மலை?" என்றார் அண்ணை.

"படத்தில உங்களுக்குப் பின்னால நிண்டதுதானே."

அண்ணைக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "ஓ, அதுவோ! அது எங்கட சங்கத்தால பஸ் பிடிச்சுச் சுற்றுலா போனது. ஒரே ஒரு நாள். எனக்கு வழி முழுக்க வயித்தைப் பிரட்டிச் சத்தி."

அந்த ஊரின் காற்றில் மீன் நெடி இருந்தது. அண்ணை அதை ஆழமாக இழுத்து மூச்சுவிட்டார். நாங்கள் பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவர்கள். அண்ணை அகதியாக வந்து, மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பிறகு எங்கும் போக விரும்பாமல் அந்த ஊரிலேயே தங்கியதற்குக் காரணமே அந்தக் காற்றுத்தான்.

இருபது வருடம் மச்சாள் அங்கே இருந்தார். அவருடைய எதிரி கடற்காகங்கள். கூரையில் கூடு கட்டி, விடிவதற்கு முன்பே கத்தத் தொடங்கிவிடும். வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு பலகணிக்குப் போய் மச்சாள் அவற்றை ஏசுவார். "மூதேசியள், உங்களுக்கு நித்திரையே வராதோ?" அண்ணை கட்டிலில் கிடந்து சொல்வார்: "விடுமப்பா. அதுகள் நல்லாப் பாடுதுகள்."

மிதுசாவுக்கு ஏழு வயதில் கன்னம் வீங்கிக் கன்னக்கட்டு வந்தது. பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த பிள்ளைக்காக மச்சாள் நகர நூலகத்திலிருந்து ஒரு சிறுவர் புத்தகம் எடுத்துவந்தார். இந்தக் கண்டத்து வடநாடுகளின் பழைய தெய்வங்களின் கதைகள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். இந்த நாட்டு மொழியை அவர் உண்மையில் படித்தது அதிலேதான். பிள்ளைக்கு வருத்தம் மாறியும் அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டிருந்தார். வாடகை ஒப்பந்தத்துக்கு என்ன சொல் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அரக்கனுக்கும் குள்ளனுக்கும் ஈட்டிக்கும் ஓநாய்க்கும் சொல் தெரியும். கடையில் மிச்சக்காசு கேட்கத் தடுமாறுகிறவர், உலகத்தைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைப் பற்றிக் கேட்டால் தடையின்றிப் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், இஞ்ச வாரும். என்ர கதை அந்தப் புத்தகத்தில கிடக்குது," என்றார். என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"உங்கட கதையோ?"

"ஓம். ஸ்காடி எண்டு ஒருத்தி. மலையில இருக்கிற அரக்கப் பொம்பிளை. பனியில சறுக்கிச் சறுக்கி வேட்டையாடுறவள். அவளின்ர தகப்பன் தியாசியைத் தெய்வங்கள் கொன்றுபோட்டுதுகள்."

"ஏன் கொன்றவை?"

"அவன் கழுகாய் மாறி வந்து, தெய்வங்களுக்கு இளமை குடுக்கிற அப்பிள் பழத்தையும் அதை வச்சிருந்த இடுன் எண்ட பெட்டையையும் தூக்கிக்கொண்டு போனவன். அவவை மீட்டுக்கொண்டு வரேக்க, துரத்திக்கொண்டு வந்தவனை நெருப்பு மூட்டி விழுத்திக் கொன்றிட்டினம். சரி, அவனிலயும் பிழைதான். ஆனா மகளுக்கு அப்பன் அப்பன்தானே? அவள் அழுதுகொண்டு இருக்கேல்லை. தலைக்கவசம், ஈட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு தெய்வங்களின்ர வாசலிலயே போய் நிண்டாள். எனக்கு நியாயம் சொல்லுங்கோ எண்டு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவை பயந்திட்டினம். மூண்டு விசயம் தாறம் எண்டிச்சினம். எங்களுக்குள்ள ஒரு மாப்பிள்ளை எடு, ஆனால் காலை மட்டும்தான் பாக்கலாம், முகம் பாக்க ஏலாது. ரெண்டாவது, உன்னைச் சிரிக்க வைக்கிறம். மூண்டாவது, உன்ர தகப்பன்ர கண் ரெண்டையும் வானத்தில நட்சத்திரமா வைக்கிறம்."

"மாப்பிள்ளைக்குக் காலையோ பாக்கிறது?"

"எல்லாரும் திரைக்குப் பின்னால நிண்டவை. கால் மட்டும் வெளியில. இவள் ஆகலும் வடிவான காலைக் காட்டி, இவர்தான் எண்டாள். பால்டர் எண்டு ஒரு அழகான தெய்வம் இருக்கிறார், அவராத்தான் இருக்கும் எண்டு நினைச்சவள். திரையை எடுத்தால் நியோர்ட். கடல் தெய்வம். வயசும் போட்டுது. ஒரே அலையில நிண்டு நிண்டு கால் வெள்ளையாய், வடிவாய் இருந்திருக்குது!"

உள்ளே நாற்காலியில் இருந்த அண்ணைக்குக் கேட்டுவிட்டது. "இஞ்சேரும், அந்தாளில என்ன குறை? கடலை அடக்கிறவர், மீன் குடுக்கிறவர். நல்ல மனிசன்," என்றார்.

"குறை ஒண்டுமில்லை. மலை இல்லை, அவ்வளவுதான்."

அண்ணை எழுந்துவந்து, தொழிற்சாலைச் சப்பாத்துக்குள் ஊறி வெளிறிய காலை எங்கள் முன் நீட்டினார். "இதைப் பாத்திருந்தா நீர் கார்க்காரனுக்குத்தான் கழுத்து நீட்டியிருப்பீர்."

மச்சாள் சிரித்த சிரிப்பில் கத்தி தொட்டிக்குள் விழுந்தது. ஸ்காடியைச் சிரிக்க வைத்த கதையும் அன்றுதான் கேட்டேன். லோக்கி என்ற குறும்புத் தெய்வம் ஒரு கயிற்றின் நுனியை ஆட்டின் தாடியில் கட்டினானாம். மறு நுனியை எங்கே கட்டினான் என்பதை மச்சாள் என் காதுக்குள்தான் சொன்னார். ஆடு இழுக்க, இவன் இழுக்க, இரண்டும் கத்த, கடைசியில் லோக்கி ஸ்காடியின் மடியிலேயே போய் விழ, தகப்பனைப் பறிகொடுத்தவள் சிரித்துவிட்டாளாம்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "அவளுக்கு மூண்டு குடுத்தவை, மச்சாள். எங்களுக்கு ஒண்டுமே குடுக்கேல்லை. கண்ணைக்கூடத் தரேல்லை."

அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒருமுறைதான்.

கதையின் மிச்சம், ஸ்காடியும் நியோர்டும் குடும்பம் நடத்திய விதம். ஒன்பது இரவு மலையில், ஒன்பது இரவு கடற்கரையில் என்று முறை வைத்தார்களாம். மலையில் அவனுக்கு ஓநாய்களின் ஊளை பொறுக்கவில்லை. கரையில் அவளுக்குப் பறவைகளின் கத்தலில் தூக்கமில்லை. ஒருவரில் ஒருவருக்குக் கோபம் இருந்ததாகக் கதையில் இல்லை. கடைசியில் அவள் மலைக்குப் போனாள், அவன் கரையில் இருந்தான். இதை வாசித்தபோது மச்சாள் சிரிக்கவில்லை என்று மிதுசா சொல்வாள்.

மிதுசா லைப்சிக்குக்குப் படிக்கப் போன வருடம் மச்சாள் முதியோர் பராமரிப்புக்கு ஆஊஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தார். மலைப்பக்கத்து இல்லங்களுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டார். இம்மென்ஸ்டட் கிடைத்தது. ஒளித்து எதுவும் செய்யவில்லை. அண்ணைதான் பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தார்.

எங்கள் ஆட்கள் விடுவார்களா? டுசல்டோர்ஃபில் ஒரு கலியாண வீட்டில் எங்கள் ஊர்க்காரி பிளோறன்ஸ் அக்கா எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "என்ன சுந்தரம், மனிசி விட்டிட்டுப் போட்டாவாம்? அப்பிடி அங்க என்ன இருக்குது?"

"மலை," என்றார் அண்ணை.

மேசை முழுக்கச் சிரித்தது. அண்ணை பகிடி விடவில்லை. தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவர்களும் முறை வைத்துப் பார்த்தார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அண்ணை மேலே போனார். இரண்டாம் நாளே எனக்குத் தொலைபேசி வரும். "கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்குது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மாடு வேற மணி கட்டிக்கொண்டு திரியுது." நத்தார் விடுமுறைக்கு மச்சாள் கீழே வருவார். வந்த மறுநாள் காலையில் கண் சிவந்திருக்கும்.

பிறகு மச்சாளுக்கு ஒரு யோசனை வந்தது. காசல் நகரம் இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கிறது. இரண்டு பக்கத்து ரயில்களும் அங்கே நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே சந்திக்கத் தொடங்கினார்கள். நிலையத்துக்குள்ளே ஒரு பேக்கரி. அதன் மூலையில் உட்கார்ந்து, மச்சாள் கட்டிவந்த புட்டையும் அண்ணை கொண்டுவந்த மீன்பொரியலையும் மேசைக்குக் கீழே பிரித்துச் சாப்பிடுவார்கள். மாலையில் ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே.

"ரெண்டு பேருக்கும் பிடிக்காத ஊர். அதுதான் நியாயம்," என்பார் மச்சாள். "பாவம் ஸ்காடி. அவளுக்கு ரயில் இருக்கேல்லை."

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார்கள். பிரியும்போது இருவரும் கை கொடுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. வெறும் சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். அண்ணையின் ரயில் முதலில் வந்தது. அது போனபிறகும் மச்சாள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உம்மட அண்ணர் இண்டைக்கும் கோட்டுப் பொத்தானைப் பூட்டாமல் போறார்," என்றார். அப்போது அவரிடம் கேட்டேன், அண்ணையிடமே திரும்பிப் போனால் என்ன என்று.

"அங்க இருந்தா நான் நல்ல மனிசியா இருக்கிறேல்லை, மச்சாள்," என்றார். "ஏச்சும் எரிச்சலும்தான். இஞ்ச இருந்து நினைச்சால் அவரில எனக்கு அவ்வளவு விருப்பம்."

இந்தத் தை மாத ஞாயிறும் அங்கே சந்தித்தார்கள். அடுத்ததற்கு மச்சாள் இல்லை.

அவருடைய வாடகை வீட்டைக் காலிசெய்ய அண்ணையும் நானும் பங்குனியில் இம்மென்ஸ்டட் போனோம். ஓர் அறை, ஒரு குசினி. வேலை அதிகமில்லை. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து மச்சாளின் வேலைச் சப்பாத்தைத் தந்தார். மாலை நேரங்களில் அங்கிருந்தவர்களுக்கு மச்சாள் தெய்வக் கதைகள் சொல்வாராம். அவர்கள் ஊர்க் கதையை ஒரு தமிழ்ப் பெண் சொல்லிக் கேட்பதில் அவர்களுக்குச் சிரிப்பாம். "கடல் தெய்வம் வரும்போதெல்லாம் அவர் நல்லவர், அவரைக் குறை சொல்லக்கூடாது என்பாள்," என்றார் அந்தப் பெண்மணி. நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணைக்கு விளங்கியது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ஜன்னலோரம் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. அண்ணை வழக்கமாகத் தான் இருக்கும் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு மற்றதில் உட்கார்ந்தார். பாணைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"என்ன அண்ணை?"

"இதில நான் ஒருநாளும் இருந்ததில்லை," என்றார்.

அவருக்கு நேரே ஜன்னல் முழுக்க மலை. வெயில் பட்ட பனி. கீழே கறுப்பாய்க் காடு. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அடுப்பும் சுவரும் மட்டும்தான். அந்தச் சுவரில் மச்சாள் ஒரு கடல் படம் மாட்டியிருந்தார். ஏதோ நாட்காட்டியிலிருந்து வெட்டியது. துறைமுகமும் படகுகளும். வந்து தங்கும் மனிசனுக்கு மலை முகத்தில் இடிக்கக்கூடாது என்று அவருக்கென்று ஒழுங்கு செய்துவைத்த இடம் அது. எத்தனையோ விடுமுறைகள் அண்ணை அதில் இருந்து சாப்பிட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்ததில்லை.

அண்ணை நெடுநேரம் மலையைப் பார்த்தார். பாண் காய்ந்தது. நான் தேத்தண்ணி போட்டு வைத்தேன், அதுவும் ஆறியது.

"மிதுசாவுக்குப் போன் அடி," என்றார் கடைசியில். "இஞ்சயே வைப்பம் எண்டு சொல்லு. நான் கதைச்சால் அழுதிடுவன்."

அந்தப் பக்கத்தில் மரத்தடியில் சாம்பல் வைக்க விடும் காடு ஒன்று இருந்தது. மிதுசா எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். ஒரு தடைதான். சாம்பல் தண்ணீரில் சேரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணை கோயில் ஐயரைத் தொலைபேசியில் பிடித்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"ஐயா, அங்க கடலும் இல்லை, ஆத்தில கரைக்கவும் விடமாட்டினம். காடு மட்டும்தான். நிலத்தில பனி கிடக்குது."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "பனி எண்டால் என்ன? தண்ணிதானே. உறைஞ்சுபோய்க் கிடக்குது, அவ்வளவுதான். வையுங்கோ, சாம்பலோட கொஞ்சம் பனியையும் வையுங்கோ. அது உருகி ஆத்துக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். அவவுக்கு அவசரம் ஒண்டும் இல்லையே?"

அண்ணையின் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது. ரயிலில் வரும்போது இரண்டுமுறை என்னிடம் சொன்னார். "ஆறு கடலுக்குத்தானே வரவேணும். ஆறுதலாய் வரட்டும். நான் அங்கதானே நிக்கிறன்."

சித்திரைத் தொடக்கத்தில் மறுபடி போனோம். நாங்கள் மூவரும் காட்டு அலுவலரும் மட்டும். மரங்களுக்கிடையில் பனி திட்டுத்திட்டாய்க் கிடந்தது. அலுவலர் தோண்டிவைத்த குழி ஒரு முழ அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் சரிவில் சின்ன ஓடை சத்தமாக ஓடியது. மிதுசா தேவாரம் பாடத் தொடங்கி, இரண்டாம் அடியில் நின்றுபோனாள். மிச்சத்தை நான் பாடினேன்.

அண்ணை ஓடையைக் காட்டி அலுவலரிடம் கேட்டார், இது எந்த ஆற்றில் சேரும் என்று.

"இல்லரில்," என்றார் அவர்.

"இல்லர் வேசருக்குப் போகுமா?" வேசர்தான் பிரேமர்ஹாஃபனில் கடலைச் சேர்கிற ஆறு.

அலுவலர் நல்லவர். நிதானமாக விளக்கினார். இல்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க டோனா என்ற பெரிய ஆற்றில் சேர்ந்து, கிழக்கே பல நாடுகளைக் கடந்து கருங்கடலுக்குப் போகிறது. வடகடலுக்கு இங்கேயிருந்து ஒரு சொட்டும் வராது.

அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மிதுசா என்னைப் பார்த்தாள். இன்னும் சாம்பலை இறக்கவில்லை. வேண்டாம் என்றால் இப்போதும் சொல்லலாம், கப்பல் இருக்கிறது, குக்ஸ்ஹாஃபன் இருக்கிறது. "அப்பா," என்றாள் மெதுவாக. "நீங்கள் என்ன சொன்னாலும் சரி."

"எங்கட பக்கம் வராது எண்டுறார்," என்றார் அண்ணை. என்னிடமா தனக்குள்ளா என்று தெரியவில்லை. பிறகு சரிவுக்கு மேலே, மரங்களின் இடைவெளியில் தெரிந்த வெள்ளை முடியைப் பார்த்தார்.

"அவ எங்க விரும்புறாவோ அங்க போகட்டும்."

முழங்காலிட்டு, தானே சாம்பலைக் குழிக்குள் இறக்கினார். கையுறையைக் கழற்றிவிட்டு, வேரடியில் சுத்தமாய்க் கிடந்த பனியை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் வைத்தார். அலுவலர் மண்வெட்டியைத் தூக்கினார். அண்ணை கையை நீட்டித் தடுத்து, பனி உருகும்வரை மண் போடவேண்டாம் என்று கேட்டார்.

அலுவலர் மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். குளிர் இன்னும் விடவில்லை, பனி உருக நேரம் எடுத்தது. நாங்கள் நின்றோம்.